சி போகும், டி போகுமா?

பதறாதீங்கண்ணே, டீ ஆறுது, குடிங்க. விண்டோஸ் மறுபடி போட்டா பொண்ணு வெச்சிருக்கிற ஆடிக் கிருத்திகைக் காவடி போட்டோ எல்லாம் போயிடுமான்னுதானே கேக்கறீங்க? விண்டோஸ் போடறதால எதுவும் போகாது. 'எங்க போடட்டும்'னு அது கேக்கும் பாருங்க, அந்தத் திரையில என்ன அமுக்கறோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு.

இது அரசு கொடுத்த லேப்டாப். 2011 செப்டம்பர் 15-ல நம்ம மாவட்டத்துலயே, காக்களூர்ல ஜெயலலிதா தொடங்கி வெச்ச திட்டம். அப்போ வந்த மெஷின்ல ரெண்டு ஓ.எஸ். இருக்கும்: விண்டோஸ் 7 ஸ்டார்ட்டர், கூடவே சி-டாக் செஞ்ச பாஸ் லினக்ஸ். (ஸ்டார்ட்டர்ல வால்பேப்பர் மாத்தக்கூட விடமாட்டான். அப்படி ஒரு கஞ்சத்தனம்.)

உள்ள இருக்கறது ஒரே ஹார்டு டிஸ்க். அதைத்தான் சி, டின்னு பிரிச்சிருக்காங்க. டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் எல்லாமே சி-க்குள்ளதான். கண்ணு முன்னாடி இருக்கேன்னு டெஸ்க்டாப்ல வெக்கிறோம். சி-யை ஃபார்மேட் பண்ணா முதல்ல போறது அதான். டி அப்படியே இருக்கும். ஃபார்மேட் பண்ணாம சி-யிலயே போட்டா, பழசெல்லாம் 'விண்டோஸ் டாட் ஓல்டு'ங்கற ஃபோல்டருக்குள்ள ஒதுங்கிடும். அவசரத்துல எல்லாப் பார்ட்டிஷனையும் டெலீட் பண்ணாத்தான் டி-யும் காலி.

பாஸ்ல வெச்ச ஃபைல் விண்டோஸ்ல தெரியாது. புது விண்டோஸ் ஏறினதும், ஆன் பண்ணா வர்ற அந்த ரெண்டு ஓ.எஸ். பட்டியலும் மறைஞ்சிடும். பாஸே போச்சுன்னு நினைப்பாங்க. அந்தப் பார்ட்டிஷனைத் தொடாத வரைக்கும், லினக்ஸ் பென்டிரைவ்ல பூட் பண்ணிப் பாத்தா எல்லாம் உள்ளயே இருக்கும்.

1960 ஏப்ரல் 1-ந் தேதி திருத்தணி ஆந்திராவுலேர்ந்து மெட்ராஸ் மாநிலத்துக்கு வந்துச்சே, அன்னிக்கு ஏதாவது வயல் நகர்ந்துச்சா? கணக்குதான் கைமாறிச்சு. குயிக் ஃபார்மேட்டும் அப்படித்தான். எந்த ஃபைல் எங்க இருக்குங்கற பதிவேட்டை மட்டும் புதுசாக்கும். போட்டோ இருந்த இடத்துலயே கிடக்கும். ஆனா அந்த இடம் இப்போ புறம்போக்கு. புது ஃபைல் எதுவேணா மேல வந்து உக்காரலாம். உக்காந்துட்டா மீட்க வழியில்ல. அதனால தப்பா அழிஞ்சிடுச்சுன்னா உடனே ஆஃப் பண்ணுங்க; மீட்கிற சாஃப்ட்வேரையும் அதே டிஸ்க்குல ஏத்தாதீங்க. ஃபுல் ஃபார்மேட் வேற சங்கதி, விஸ்டா காலத்துலேர்ந்து அது முழுக்க சுழியம் எழுதித் துடைச்சிடுது.

எஸ்.எஸ்.டி. மாத்தியிருந்தா இந்தச் சலுகையும் குறைவு. அழிச்ச இடம் எதுன்னு ஓ.எஸ். சொல்லும், டிஸ்க்கே கூட்டிப் பெருக்கிடும். புது லேப்டாப்புன்னா பிட்லாக்கர் பூட்டு இருக்கான்னும் பாக்கணும். அதோட 48 இலக்க மீட்புச் சாவி கையில இல்லன்னா, டி பத்திரமா இருந்தும் திறக்காது.

டேலி மாதிரி சாஃப்ட்வேரெல்லாம் எப்படியும் திரும்பத்தான் போடணும். நீங்க முதல்ல போட்டோவை எக்ஸ்டர்னல் டிஸ்க்குல காப்பி பண்ணி, நாலைஞ்சைத் திறந்து பாத்துடுங்க. அப்புறம் கடையில வெறுமனே 'விண்டோஸ் போட்டுக் கொடுங்க'ன்னு சொல்லாதீங்க. 'சி-யில மட்டும் போடுங்க, மத்த பார்ட்டிஷனைத் தொடாதீங்க'ன்னு சொல்லுங்க.