அவ்வப்போது கொதிக்கும் கார்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து சிதம்பரத்துக்கு ஒரு பழைய அம்பாசடர் காரில் புறப்படுவதாக வைத்துக்கொள்வோம். கடைவீதி நெரிசலில் கார் ஊர்ந்து செல்கிறது. இஞ்சினின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நிற்கிறது. கடலூர் முதுநகரைத் தாண்டியதும் வேகம் கூடுகிறது. 70 கிலோமீட்டர் வேகத்தில் சிறிது நேரம் ஓடியதும் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. முன்புறம் ஆவி கிளம்புகிறது. ஓரங்கட்டி நிறுத்தி, ஆறியபின் பார்த்தால் தண்ணீர் பெரிதாகக் குறையவில்லை, பெல்ட் அறுந்துபோகவில்லை, எங்கும் ஒழுக்கும் இல்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனால், அவர் முன்னால் கார் பரமசாதுவாக நிற்கிறது!

நிரந்தரமான கோளாறைக் கண்டுபிடிப்பது எளிது. வந்து வந்து மறையும் கோளாறுதான் பொல்லாதது. ஒருவர் தெர்மோஸ்டாட்டை மாற்றச் சொல்வார். இன்னொருவர் ரேடியேட்டரையே மாற்றச் சொல்வார். பணம் கரையும், கொதிப்பு நிற்காது. இதற்கிடையே மிகுந்த சூட்டில் ஓடி ஓடி சிலிண்டரின் மேல்மூடி வளைந்துவிட்டால், செலவு பல மடங்காகும். இந்தக் கார்களின் உற்பத்தி 2014-இலேயே நின்றுவிட்டது. எனவே பழைய காரை வைத்திருப்பவருக்கு இது சின்னக் கவலை அல்ல.

வெப்பம் போகும் வழி

முதலில் ஒரு கணக்குப் பார்ப்போம். இத்தகைய இஞ்சினில் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் சுமார் கால் பங்குதான் காரை ஓட்டும் வேலையாக மாறுகிறது. மீதியில் பெரும்பகுதி புகையோடும் குளிர்விக்கும் நீரோடும் வெளியேறியாக வேண்டும். ஒரு கிலோகிராம் நீரின் வெப்பநிலையை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்த சுமார் 4,200 ஜூல் வெப்பம் தேவை. இவ்வளவு வெப்பத்தைத் தாங்கிச் செல்லும் குணம் இருப்பதால்தான் நீரை இந்த வேலைக்கு அமர்த்தியிருக்கிறோம்.

பம்ப் நீரை இஞ்சினுக்குள் தள்ளுகிறது. அங்கே சூடேறிய நீர் மேல் குழாய் வழியே ரேடியேட்டருக்கு வந்து, மெல்லிய குழல்களில் இறங்கி, காற்றிடம் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுக் கீழ்க் குழாய் வழியே பம்புக்குத் திரும்புகிறது. ஆக, இரண்டு ஓட்டங்கள் தேவை: ஒன்று நீரோட்டம், மற்றொன்று காற்றோட்டம். இரண்டில் எது குறைந்தாலும் இஞ்சின் கொதிக்கும்.

எப்போது கொதிக்கிறது?

‘எது கெட்டது?’ என்று கேட்பதற்கு முன், ‘எப்போது கொதிக்கிறது?’ என்று கேளுங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

ரயில்வே கேட்டில் நிற்கும்போது கொதித்து, ஓடத் தொடங்கியதும் தணிகிறதா? அப்படியானால் காற்றோட்டத்தைச் சந்தேகிக்க வேண்டும். பழைய கார்களில் விசிறியை இஞ்சின்தான் பெல்ட் மூலம் சுற்றுகிறது. இஞ்சின் மெதுவாகச் சுழன்றால் விசிறியும் மெதுவாகத்தான் சுழலும். பெல்ட் வழுக்கினால் கேட்கவே வேண்டாம்.

புறப்பட்ட சிறிது நேரத்திலேயே, எந்த வேகத்திலும் கொதிக்கிறதா? நீர் குறைவாக இருக்கலாம். அல்லது தெர்மோஸ்டாட் திறக்காமல் இருக்கலாம்.

ஓடும்போது சரியாக இருந்து, நிறுத்திய பின் மட்டும் முள் சற்று ஏறுகிறதா? பெரும்பாலும் அது கோளாறே அல்ல. பம்ப் நின்றுவிட்டது, சூடான இரும்பு தன் வெப்பத்தை அசையாத நீருக்குக் கொடுக்கிறது. அவ்வளவுதான்.

நம் கார் இவை எதிலும் சேரவில்லை. வேகமாகப் போகும்போது மட்டும் கொதிக்கிறது. அந்த வேகத்தில் எதிர்க்காற்றுக்குப் பஞ்சமில்லை. எனவே குறைவது நீரோட்டமே.

இளநீர்க் குழல் சொல்லும் பாடம்

காகிதக் குழலால் இளநீர் குடித்திருப்பீர்கள். குழல் ஊறி நைந்த பிறகு வேகமாக உறிஞ்சினால் என்ன ஆகிறது? தட்டையாக ஒட்டிக்கொள்கிறது. உள்ளே அழுத்தம் குறைய, வெளியே உள்ள வளிமண்டலம் அதை நசுக்குகிறது. காரின் கீழ்க் குழாயிலும் இதுவே நடக்கலாம். பம்ப் உறிஞ்சும் பக்கம் அது. அதன் ரப்பர் நாளடைவில் இளகிவிடும். குழாய் நசுங்காமலிருக்க உள்ளே கம்பிச்சுருள் வைத்திருந்தால், அதுவும் துருப்பிடித்து உதிர்ந்துவிடலாம். வேகம் கூடக்கூட உறிஞ்சுதலும் கூடி, குழாய் சப்பிப்போகிறது, நீரோட்டம் தடைப்படுகிறது. இஞ்சினை நிறுத்தியதும் குழாய் பழையபடி உப்பிக்கொள்கிறது. மெக்கானிக் கண்ணில் கோளாறு படாததன் மர்மம் இதுதான்!

சோதிப்பதும் எளிது. காரை நிறுத்தியபடியே ஒருவர் இஞ்சினை வேகப்படுத்த, மெக்கானிக் விசிறிக்குக் கை கொடுக்காமல் விலகி நின்று கீழ்க் குழாயைப் பார்க்க வேண்டும். குழாய் ஒடுங்கினால் குற்றவாளி அகப்பட்டான். புதிய குழாய் போதும். ஒடுங்கவில்லையா? அடுத்த சந்தேகம் ரேடியேட்டர் குழல்கள். வெந்நீர்ப் பாத்திரத்தின் உட்புறம் வெள்ளையாகப் படியும் சுண்ணப் படிவைப் பார்த்திருப்பீர்கள். கடின நீரை ஊற்றிவந்தால் அதே படிவு குழல்களை அடைக்கும். அது வெப்பத்தையும் எளிதில் கடத்தாது. ஊர்ந்து செல்லும்போது போதுமானதாக இருக்கும் நீரோட்டம், வேகத்தில் எழும் மிகுதியான வெப்பத்துக்குப் போதாமல் போகும்.

ஓர் எச்சரிக்கை. சூடான ரேடியேட்டரின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு கூடுதல் அழுத்தம் இருந்தால், நீர் சுமார் 111 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்கும். மூடியைத் திறந்த கணத்தில் அழுத்தம் விழுந்து, நீர் ஒரேயடியாகக் கொதித்து முகத்தில் சீறும். கடுமையான தீப்புண் உண்டாகும்.

மறைந்து வரும் கோளாறு எதுவானாலும் வழி இதுதான். முறைக்காய்ச்சல் கண்டவரிடம் மருத்துவர், ‘எந்த நாள், எந்த நேரம் வருகிறது?’ என்று கேட்பதும் இதற்காகவே. வீட்டு மின்விளக்கு அடிக்கடி மங்கினாலும் ஒரு நோட்டில் எழுதுங்கள்: மணி என்ன, அப்போது வேறு எந்தக் கருவி ஓடியது, மழையா வெயிலா. பிறகு ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள். இரண்டை ஒன்றாக மாற்றினால், கோளாறு தீர்ந்தாலும் காரணம் தெரியாது. காரணம் தெரியாமல் தீர்ந்த கோளாறு திரும்பி வந்தால், மறுபடி முதலிலிருந்துதான் தேட வேண்டியிருக்கும்.