வர்ணம் தெளிக்கும் யந்திரம்

மார்கழி பிறந்துவிட்டால் வீட்டுக்கு வர்ணம் அடிக்க வேண்டும் என்ற எண்ணம் நம்மவர்களுக்குத் தானாகவே உதித்துவிடுகிறது. மட்டையைச் சுண்ணாம்பில் தோய்த்து வெள்ளையடித்த காலம் போய், பிரஷும் ரோலரும் வந்து, இப்போது அவற்றுக்கும் போட்டியாக, கையில் பிடித்து விசையை அமுக்கினால் வர்ணத்தைத் தெளிக்கும் மின்சார யந்திரங்கள் ஹார்டுவேர் கடைகளில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. வாங்கப் போகிறவரோ பெரும்பாலும் எத்தனை வாட்ஸ், என்ன விலை என்றுதான் விசாரிக்கிறார். எந்தப் பரப்பின்மேல் எந்த வர்ணத்தை அடிக்கப் போகிறோம் என்று தம்மையே கேட்டுக்கொண்ட பிறகல்லவா கடைப்படி ஏற வேண்டும்?

இந்த யந்திரத்தின் பூர்வோத்தரம் சற்று சுவாரசியமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில், அமெரிக்காவின் டொலீடோ நகரத்து வைத்தியர் ஆலன் டெவில்பிஸ், நோயாளிகளின் தொண்டைக்குள் மருந்தைத் தூவ ஒரு சிறு கருவி செய்தார். பிற்பாடு அவருடைய புதல்வர் தாமஸ் அதே தத்துவத்தை வர்ணத்துக்குப் பிரயோகித்தார். ஏறத்தாழ அக்காலத்திலேயே, சிக்காகோவில் ஜோசஃப் பிங்க்ஸ் என்பவர், மார்ஷல் ஃபீல்ட் பண்டகசாலையின் நிலவறைச் சுவர்களுக்கு வெள்ளையடிப்பதற்காக, சுண்ணாம்புக் கரைசலைப் பம்பினால் அழுத்திப் பீய்ச்சும் உபாயத்தைக் கண்டார். முன்னது காற்றை நம்பியது; பின்னது திரவத்தையே அழுத்தியது. இன்று கடையில் காண்பவை யாவும் இவ்விரு வம்சங்களில் ஒன்றைச் சேர்ந்தவையே.

காற்று வம்சத்தில் வீட்டுக்கு ஏற்றது, ‘எச்.வி.எல்.பி.’ என்று பெட்டியின்மேல் அச்சிட்டு வருவது. மிகுந்த காற்றைக் குறைந்த அழுத்தத்தில், அதாவது நுனியில் சதுர அங்குலத்துக்கு 10 பவுண்டுக்கு மேற்படாமல் விடுவதால், வர்ணம் பொருளின்மேல் மெதுவாகப் படிகிறது. வீணாகப் பறப்பது குறைவு. ஜன்னல் கிரில், வாயிற்கதவு, பிரம்பு நாற்காலி, மர அலமாரி ஆகியவற்றுக்கு இதைவிடச் சௌகரியமான சாதனம் இல்லை. பூவேலை செய்த கிரிலின் வளைவுகளுக்குள் பிரஷை நுழைத்து, ஒரு பக்கம் வடிய மறுபக்கம் விட்டுப்போகத் திண்டாடியவர்கள் இதன் அருமையை உடனே உணர்வார்கள். ஆனால் சுவருக்கு அடிக்கும் எமல்ஷனின் கெட்டித்தன்மை இந்தச் சிறு யந்திரங்களுக்குப் பரம சத்துரு. தண்ணீர் சேர்க்காமல் அது வெளியே வராது, அளவுக்கு மீறிச் சேர்த்தாலோ பழைய நிறத்தை மறைக்கும் சக்தியை இழந்து சுவரில் கோடுகோடாக வழியும். ஆகையால், அடியில் துவாரமிட்ட சிறு கிண்ணம் பெட்டிக்குள் இருக்குமானால் அதை அலட்சியமாக எறிந்துவிடாமல், அதில் வர்ணத்தை நிரப்பி, அது வடிந்து தீர எத்தனை வினாடி ஆகிறது என்று கையேட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது உத்தமம். மெல்லிய துணியில் வடிகட்டாத வர்ணம் எந்த யந்திரத்தையும் அடைத்துவிடும்.

‘ஏர்லெஸ்’ எனப்படும் மற்ற வம்சம் பலசாலி. மோட்டார் கார் டயரில் இருப்பது சுமார் 30 பவுண்டு அழுத்தமென்றால், இதில் 3,000 பவுண்டு வரைகூட இருக்கும். கெட்டி எமல்ஷனையும் அநாயாசமாக அடிக்கும். இதன் முனையில் 517 என்பதுபோல் ஓர் எண் பொறித்திருப்பார்கள். முதல் இலக்கத்தை இரட்டித்தால், ஓர் அடி தூரத்திலிருந்து அடிக்கும்போது விழும் பட்டையின் அகலம் 10 அங்குலம் என்று கிடைக்கும். பின்னிரண்டு இலக்கங்கள், துவாரம் அங்குலத்தில் ஆயிரத்தில் 17 பங்கு என்பதைச் சொல்லும். சுவர் எமல்ஷனுக்கு அவ்வளவு வேண்டும்; எனாமலுக்கு 11 முதல் 13 வரை போதும்.

இதன் அபாயத்தையும் சொல்லியாக வேண்டும். அந்த முனைக்கு நேரே விரல் பட்டால் வர்ணம் தோலைத் துளைத்து உள்ளே பாய்ந்துவிடும். வெளியே ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகி விரலையே இழக்க நேரிடலாம். வலி இல்லையென்று தாமதிக்காமல் அக்கணமே அறுவைச் சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

குடியிருக்கும் வீட்டின் அறைச் சுவர்களுக்கு இரண்டு வம்சமுமே வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். தரை, மின்விசிறி, சுவிட்சு, பூஜை மாடம் எல்லாவற்றையும் காகிதத்தாலும் டேப்பாலும் மூடி முடிப்பதற்குள், ரோலர் பிடித்தவர் ஒரு கோட்டு அடித்து முடித்திருப்பார். சாமான் ஏறாத புது வீடு, நீண்ட மதிற்சுவர் என்றால் கதை வேறு. அதற்கும் ஏர்லெஸ் யந்திரத்தை விலைக்கு வாங்காமல், அதை வைத்துத் தொழில் செய்யும் பெயிண்டரை அமர்த்துவதே சிக்கனம். எந்த யந்திரமானாலும், எனாமல் அடிக்கையில் அதில் கலக்கும் தின்னரின் ஆவி தீப்பற்றக்கூடியது. ஜன்னல்களைத் திறந்து, அடுப்பையும் விளக்கையும் அணைத்து, ஆவியைத் தடுக்கும் முகமூடி அணிய வேண்டும். சாதாரணத் துணிமூடி பிரயோஜனமில்லை.

வேலை முடிந்த கையோடு, தண்ணீர் வர்ணமானால் தண்ணீரையும் எனாமலானால் தின்னரையும் ஊற்றி, தெளிவாக வரும்வரை யந்திரத்தை ஓட்டிக் கழுவ வேண்டும். ஓர் இரவு காய விட்டால் நுனியில் வர்ணம் கெட்டியாகிவிடும். ஆகவே பணம் கொடுக்குமுன், நுனியும் ஊசியும் வாஷரும் தனித்தனியே கிடைக்குமா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவர் தயங்கினால், விலை எவ்வளவு மலிவானாலும் அடுத்த கடைக்குப் போகலாம்.