வலிகாமமும் மராட்சிகளும்: பெயர்கள் கூறும் வரலாறு

யாழ்ப்பாணம் என்றதும், யாழ் வாசித்து மணற்றிடரைப் பரிசிலாகப் பெற்ற பாணனின் கதையைச் சிறுவரும் சொல்வர். மயில்வாகனப் புலவர் 18ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாண வைபவமாலையில் எழுதிவைத்த கதை அது. ஆயின் வலிகாமம், வடமராட்சி, தென்மராட்சி, பச்சிலைப்பள்ளி என நாம் நாள்தோறும் வழங்கும் உட்பிரிவுப் பெயர்களைப் பற்றிச் சிந்திப்போர் சிலரே.

இவை நேற்றுத் தோன்றியவை அல்ல. 1658இல் போர்த்துக்கேயரை வென்று யாழ்ப்பாணத்தைக் கைக்கொண்ட ஒல்லாந்தரோடு வந்தவர் பால்தேயுஸ் பாதிரியார். 1672இல் வெளியான தமது நூலில், இந்நாடு நான்கு மாகாணங்களாகப் பிரிந்திருந்தது என்று கூறி, இந்த நான்கு பெயர்களையே அவர் தருகின்றார்.

முதலில் மராட்சிகளை நோக்குவோம். வடக்கே மறவர் ஆண்டமையால் வடமராட்சி, தெற்கே ஆண்டமையால் தென்மராட்சி என்பர் ஒரு சாரார். கேட்பதற்கு வீரமான விளக்கந்தான். ஆனால் ‘மறவராட்சி’ என்பதிலுள்ள வல்லின றகரம் இடையின ரகரமாக மாறவேண்டும். நடுவே ‘வ’ வேறு மறையவேண்டும். வடமர் என்றால் வடதிசையார். தென்மர் என்றால் தென்திசையார். வடமர் + ஆட்சி என்பது எவ்வித இடர்ப்பாடுமின்றி வடமராட்சி ஆகின்றது. பள்ளி மாணவரும் அறிந்த எளிய புணர்ச்சி அது. ஒல்லாந்தர் ஏடுகளை இவ்வழக்கில் சாட்சிக்கு அழைத்துப் பயனில்லை. அவர்களுடைய எழுத்தில் றகரமும் ரகரமும் ஒன்றே. எமக்கு இரண்டாவது விளக்கமே பொருத்தமாகத் தோன்றுகின்றது.

திசைப் பெயர் எப்போதும் பெயரிட்டவன் நின்ற இடத்தையும் சேர்த்தே சொல்லும். ஸ்கொட்லாந்தின் வடகோடியிலே சதர்லாந்து என்றொரு பழைய நாடு உண்டு. ‘தென்னாடு’ என்பதே அதன் பொருள். வடகோடியிலுள்ள நிலம் தென்னாடு ஆவது எங்ஙனம்? அப்பெயரை இட்டவர்கள் அதற்கும் வடக்கே, ஓர்க்னித் தீவுகளில் குடியேறியிருந்த நோர்ஸ் மக்கள். அவர்களுக்கு அது தெற்கேயன்றோ இருந்தது!

வலிகாமத்தின் கதை இத்துணை எளிதன்று. வலிமை மிக்க ஊர் என்று பொருள் கொண்டு பெருமிதம் அடைவோர் உளர். சிங்களத்தில் ‘வெலி’ என்பது மணல். ‘கம’ என்பது ஊர். ஆகவே இது வெலிகமவே என்பர் வேறு சிலர். தென்னிலங்கையிலும் ஒரு வெலிகம உண்டு. பால்தேயுஸ் ‘பெல்லிகம்மே’ என்று எழுதியது இவர்களுக்கு ஆதரவுபோலத் தோன்றும். ஆனால் வலிகாமம் செம்மண்ணுக்குப் பேர்போனது. மணலைத் தேடுவோர் மணற்காட்டுக்கல்லவா போகவேண்டும்? ஒருகால், கரையோரச் சிற்றூர் ஒன்றின் பெயர் நாடு முழுவதற்கும் பரவியிருத்தல் கூடும்.

காமம் என்னும் ஈற்றைப் பற்றி ஐயமில்லை. ஊர் எனப் பொருள்படும் ‘காம’ என்ற பாகதச் சொல் அது. கொடிகாமம், வீமன்காமம், பனங்காமம் எல்லாம் அதன் வழிவந்தவை. நாம் கூச்சமின்றி வழங்கும் ‘கிராமம்’ அதன் உடன்பிறப்பே. அவ்வாறிருக்க, ‘காமம்’ என்ற ஈற்றைக் கண்டதும் ஊர் பறிபோய்விடும் என்று நம்மவர் அஞ்சுவதும், அதனையே உறுதிப்பத்திரமாக நீட்டி மற்றவர் உரிமை கோருவதும் ஒருங்கே பிழை. ஊர்ப்பெயர் ஒரு காலத்தில் அங்கு வழங்கிய மொழியைக் காட்டலாம். காணிக்கு உறுதி எழுதித் தராது.

இப்பகுதியில் பாகதம் எழுதப்பட்டது என்பதற்கு வல்லிபுரப் பொற்சாசனமே சான்று. 1936இல் வடமராட்சி மண்ணிலே கிடைத்த அச்சிறு பொன்னேடு, பிராமி எழுத்தில் இந்நாட்டை ‘நகதிவ’, அதாவது நாகதீவம், என்று குறிக்கின்றது. அத்தொன்மையான பெயர் பின்னர் வழக்கொழிந்தது.

பச்சிலைப்பள்ளிக்கு வேறொரு விதி. பெயர் நிலைத்தது, எல்லை நகர்ந்தது. 1984இல் கிளிநொச்சி தனி மாவட்டமானதன் பின் அது யாழ்ப்பாண மாவட்டத்தில் இல்லை.

ஆட்சியாளர் இட்ட பெயரெல்லாம் நிலைப்பதுமில்லை. ஒல்லாந்தர் நமது தீவுகளுக்குத் தம் நகரப் பெயர்களைச் சூட்டினர். புங்குடுதீவு மிடல்பேர்க் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம் ஆயிற்று. ஊர்மக்கள் வாயில் அவை ஏறவேயில்லை. நெடுந்தீவுக்கு இட்ட ‘டெல்ப்ட்’ மட்டும் ஆங்கிலத்தில் இன்றுவரை வழங்குகின்றது. தமிழில் அத்தீவு நெடுந்தீவுதான்.