சேலம், நாமக்கல் காவிரிக்கரை ஊர்களில் மீன் உணவும் சுற்றுலாவும்

சேலம், நாமக்கல் மாவட்டங்களுக்குக் கடற்கரை கிடையாது. அந்தக் குறையை இவ்வட்டார மக்களுக்குத் தீர்த்து வைப்பது காவிரி ஆறு. விடுமுறை நாளில் குளிக்கவும், படகில் செல்லவும், கரையிலேயே பொரித்த மீனைச் சுடச்சுட உண்ணவும் மக்கள் கூடும் இடங்கள் மேட்டூர், பூலாம்பட்டி, பள்ளிபாளையம், ஜேடர்பாளையம் ஆகிய ஊர்கள் ஆகும். வியட்நாமின் முய் நே போன்ற கடலோர ஊர்களில் உயிருள்ள மீனைக் காட்டிச் சமைத்துத் தரச் சொல்லும் வழக்கம் உண்டு. மீனைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்து வறுத்து வாங்கும் அதே வழக்கம் மேட்டூரிலும் உள்ளது. அங்கே கடல் மீன், இங்கே அணை மீன் என்பதே வேறுபாடு.

மேட்டூர் அணையும் பூங்காவும்

மேட்டூர் சேலத்திலிருந்து ஓமலூர், மேச்சேரி வழியாக ஏறத்தாழ 50 கி.மீ. தொலைவில் உள்ளது. இங்குள்ள அணையின் கட்டுமானம் 1925இல் தொடங்கி 1934இல் நிறைவுற்றது. அப்போதைய சென்னை மாகாண ஆளுநர் ஜார்ஜ் பிரடெரிக் ஸ்டான்லியின் பெயரால் நீர்த்தேக்கம் ஸ்டான்லி நீர்த்தேக்கம் எனப்படுகிறது. நீர்மட்டத்தின் முழு அளவு 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நிரம்பி நிற்கும்போது நீர்ப்பரப்பு ஏறத்தாழ 153 சதுர கி.மீ. ஆகும். உபரி நீர் வெளியேறும் பகுதியில் 16 மதகுகள் இருப்பதால் அதை மக்கள் "பதினாறு கண் மதகு" என்கின்றனர். அணை நிரம்பி இம்மதகுகள் திறக்கப்படும் நாட்களில் வேடிக்கை பார்க்க வருவோர் கூட்டம் பாலம் வரை நிற்கும்.

அணையின் அடிவாரத்தில் பூங்கா உள்ளது. நுழைவுக் கட்டணம் சிறிய தொகையே. அணை கட்டி 75 ஆண்டுகள் நிறைந்ததன் நினைவாக எழுப்பப்பட்ட பவள விழா கோபுரத்தில் ஏறினால், ஒருபுறம் நீர்த்தேக்கமும் மறுபுறம் மேட்டூர் நகரமும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் தெரியும். நண்பகல் வெயிலில் கோபுரம் ஏறுவது வீண் பாடு. காலையோ மாலையோ ஏறுவது நல்லது.

மீன் கடைகள்

பூங்காவைச் சுற்றியுள்ள மீன் கடைகளே மேட்டூருக்கு வருவோரில் பலருக்கு முதன்மையான நோக்கம். கடைகளின் முன்பு கழுவிய மீன்கள் மிளகாய்த்தூள் மசாலா தடவித் தட்டில் அடுக்கி வைக்கப்பட்டிருக்கும். வேண்டியதைக் காட்டினால் அந்த மீனை வாணலியில் இட்டுப் பொரித்து, வெங்காயமும் எலுமிச்சைத் துண்டும் வைத்துத் தருவார்கள். மற்றொரு முறையும் உண்டு. பச்சை மீனை எடை போட்டு வாங்கி, செதில் நீக்கிச் சுத்தம் செய்து, சமையல் செய்பவரிடம் கொடுத்தால், கூலி வாங்கிக்கொண்டு பாதியை வறுவலாகவும் பாதியைக் குழம்பாகவும் ஆக்கித் தருவர். குடும்பத்துடன் வருவோருக்கு இரண்டாவது முறையே கட்டுப்படியாகும். மீன் கண்முன்னே வெட்டப்படுவதால் அதன் தரமும் தெரிந்துவிடும்.

புதிய மீனின் கண் தெளிந்து பிதுங்கியிருக்கும். செவுளைத் தூக்கிப் பார்த்தால் சிவப்பாக இருக்கும். விரலால் அழுத்திய இடம் உடனே மேலெழும். மசாலா பூசிய மீனில் இவற்றைப் பார்க்க முடியாது. ஆகவே பூசாத மீனைக் கேட்டு வாங்குவதில் தவறில்லை. கண்ணைப் பறிக்கும் சிவப்பு மிளகாயால் மட்டும் வருவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

எண்ணெயும் கவனிக்க வேண்டிய ஒன்று. ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அதில் முனைவுச் சேர்மங்கள் பெருகுகின்றன. இவை 25 விழுக்காட்டைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி இந்தியாவில் 2018 சூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. கருவியின்றி இதை அளக்க முடியாது. எனினும் எண்ணெய் கறுத்துக் கெட்டியாகி, நுரை அடங்காமல், காயத் தொடங்கியதுமே புகைந்தால் அந்தக் கடையைத் தவிர்க்கலாம்.

அணையில் வாழும் மீன்கள்

இக்கடைகளில் அதிகம் கிடைப்பவை கட்லா, ரோகு, மிருகால், ஜிலேபி, கெளுத்தி, வாளை ஆகியவை. இவற்றுள் முதல் மூன்றும் காவிரிக்கு உரியவை அல்ல. வட இந்தியாவின் கங்கைச் சமவெளி ஆறுகளைச் சேர்ந்தவை. மீன்வளத் துறை குஞ்சுகளை வளர்த்து அணையில் விடுவதால் இவை இங்கே கிடைக்கின்றன. ஜிலேபி எனப்படும் திலாப்பியா ஆப்பிரிக்காவிலிருந்து 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. இன்று அது இல்லாத குளம் தமிழ்நாட்டில் அரிது.

உண்பவருக்குப் பயன்படும் வேறுபாடு முள்ளில் இருக்கிறது. ரோகு, மிருகால் ஆகியவற்றின் சதைக்குள் கவட்டை வடிவச் சிறு முட்கள் நிறைய உண்டு. சிறிய மீனாயின் இவை தொண்டையில் சிக்கும். அதனால்தான் மீனின் இருபுறமும் நெருக்கமாகக் கீறிவிட்டுப் பொரிக்கிறார்கள். கீறலில் எண்ணெய் புகுந்து முள் மொறுமொறுப்பாகிவிடும். பெரிய கட்லாவின் முட்கள் பெரியவை என்பதால் எளிதில் எடுத்துவிடலாம். ஜிலேபி, வாளை, கெளுத்தி ஆகியவற்றில் நடுமுள்ளை நீக்கினால் பெரும்பாலும் தொல்லை இல்லை. சிறு பிள்ளைகளுக்கு இவை ஏற்றவை.

அணை வந்ததால் இழந்த மீனும் ஒன்று உண்டு. கடலில் வாழ்ந்து, முட்டையிடுவதற்கு ஆற்றில் ஏறி வரும் உல்லம் மீன் ஒரு காலத்தில் காவிரியில் நெடுந்தொலைவு மேலேறி வந்தது. வங்காளத்தில் இலிசு என்று கொண்டாடப்படுவது இதே மீன்தான். அணைகள் வழியை மறித்த பின் காவிரியின் உல்லம் மீன்பிடிப்பு அற்றுப்போனது. இன்று கட்லா வறுவலுக்குக் காத்திருப்போரில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பர்?

மீன் பிடிப்போர் உரிமம் பெற்று, பரிசலில் சென்று வலை விரிக்கின்றனர். முன்பு மூங்கிலால் பின்னித் தோல் போர்த்திய பரிசல்கள் இருந்தன. இப்போது கண்ணாடி இழைப் பரிசல்கள் வந்துவிட்டன. இவர்களின் வருமானம் நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும். அணை நிறைந்தால் உழவர் மகிழ்வர்; ஆனால் மீன்கள் அகன்ற பரப்பில் பரவிவிடுவதால் வலையில் விழுவது குறையும். நீர் வற்றும்போது மீன் எளிதாகக் கிடைக்கும். ஆனால் வறட்சி நீடித்தால் அடுத்த ஆண்டுக்கான மீன் இருக்காது. சுற்றுலா வருவோர் விலை கூடிவிட்டது என்று பேரம் பேசும்போது இதையும் எண்ணிப் பார்க்கலாம்.

முனியப்பன் கோயிலும் ஆடிப்பெருக்கும்

அணைக்கட்டு முனியப்பன் கோயில் மேட்டூரின் மற்றொரு உணவுக்கூடம் என்றே சொல்லலாம். காவிரியில் நீராடி, ஆடு அல்லது கோழி பலியிட்டு, அருகிலேயே அடுப்பு மூட்டிச் சமைத்து உற்றார் உறவினருக்குப் பரிமாறுவது வழக்கம். செம்மறிக் கறிக்குப் பெயர்பெற்ற மேச்சேரி இன ஆடு இந்த வட்டாரத்துக்கே உரியது. கொம்பில்லாத, செம்பழுப்பு நிற ஆடு இது. இதன் தோலுக்கும் நல்ல மதிப்பு உண்டு.

ஆடி 18 அன்று கூட்டம் பல மடங்காகும். கிராமத்துச் சாமி சிலைகளையும் வேல், அரிவாள் முதலியவற்றையும் எடுத்துவந்து ஆற்றில் நீராட்டுவர். புதுமணப் பெண்கள் தாலிக்கயிறு மாற்றிக்கொள்வர். அன்று கட்டுச்சோறு கொண்டுவரும் குடும்பங்களும் உண்டு, கிடா வெட்டும் குடும்பங்களும் உண்டு.

நீர் வடியும்போது

அணை கட்டப்பட்டபோது பல ஊர்கள் நீரில் மூழ்கின. அங்கு வாழ்ந்தோர் வேறிடங்களுக்குப் பெயர்ந்தனர். நீர்மட்டம் வெகுவாகக் குறையும் ஆண்டுகளில் பண்ணவாடிப் பகுதியில் பழைய கிறித்தவ தேவாலயத்தின் கோபுரமும், சலகண்டேசுவரர் கோயிலின் நந்தி சிலையும் வெளியே தெரியும். பண்ணவாடியிலிருந்து மறுகரையில் உள்ள தருமபுரி மாவட்டத்து நாகமரைக்குப் படகு செல்கிறது. வேடிக்கை பார்க்க வருவோருக்கு அது இன்பப் பயணம். அக்கரைச் சிற்றூர்க்காரருக்கு அதுவே பேருந்து.

பூலாம்பட்டியும் பள்ளிபாளையமும்

மேட்டூருக்குக் கீழே எடப்பாடி வட்டத்தில் உள்ள பூலாம்பட்டியைக் "குட்டி கேரளா" என்று அழைக்கின்றனர். கதவணையால் தேங்கி நிற்கும் காவிரியில், ஈரோடு மாவட்டத்து நெரிஞ்சிப்பேட்டைக்கு விசைப்படகு ஓடுகிறது. கரையில் இங்கும் மீன் கடைகள் உண்டு.

ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் உள்ள பள்ளிபாளையம் நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. விசைத்தறி ஊரான இதன் பெயர் வெளியூர்களில் பரவியது ஒரு கோழிக் கறியால்தான். பள்ளிபாளையம் சிக்கன் என்ற இந்த உணவில் மசாலாப்பொடி இல்லை, தக்காளி இல்லை. விதை நீக்கிக் கிள்ளிய வரமிளகாய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, மஞ்சள், உப்பு, தேங்காய்ப் பல் ஆகியவையே பொருள்கள். விதையை நீக்குவதால் மிளகாய் நிறையப் போட்டாலும் காரம் அடங்கி, மணமும் நிறமும் நிற்கின்றன. பெருநகர உணவகங்கள் இப்பெயரில் தரும் மசாலாக் கறிக்கும் இதற்கும் தொடர்பு குறைவு.

ஜேடர்பாளையம்

பரமத்தி வேலூர் வட்டத்தில் உள்ள ஜேடர்பாளையத்தின் படுகை அணை, குறுநிலத் தலைவர் அல்லாள இளைய நாயக்கர் கட்டியதாகப் போற்றப்படுகிறது. இங்கிருந்து பிரியும் ராஜா வாய்க்கால் வெற்றிலை, வாழை, கரும்பு வயல்களுக்கு நீர் தருகிறது. நாயக்கருக்கு இவ்வூரில் சிலை உள்ளது. பூங்காவை ஒட்டிய மீன் கடைகளுக்கு நாமக்கல், திருச்செங்கோடு, கரூர் பகுதிகளிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் மக்கள் வருகின்றனர். மேட்டூரைவிட நெரிசல் குறைவு, நிழல் அதிகம்.

சுற்றுவட்டாரத்தில் கரும்பு ஆலைகள் உண்டு. பாகு காய்ச்சும் கொப்பரையையும் வெல்லம் வார்க்கும் முறையையும் மாணவர்கள் நேரில் பார்க்கலாம். கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். அருகிலுள்ள பிலிக்கல்பாளையம் வெல்ல ஏலத்துக்குப் பெயர்பெற்றது. வெல்லம் வாங்குவோர் வெளுத்த மஞ்சளைவிடக் கரும்பழுப்பு நிறத்தைத் தேர்வது நல்லது. வெளுப்புக்காக வேதிப்பொருளும் எடைக்காகச் சர்க்கரையும் கலப்பதைத் தடுக்க உணவுப் பாதுகாப்புத் துறையினர் இப்பகுதி ஆலைகளில் அவ்வப்போது சோதனை நடத்துகின்றனர்.

ஆற்றில் இறங்குவோர் கவனத்திற்கு

காவிரியில் ஒவ்வோர் ஆண்டும் குளிக்க இறங்கியவர்கள் உயிரிழக்கின்றனர். நீச்சல் தெரிந்தவர்களும் அவர்களில் உண்டு. பாறை இடுக்குகளும் மணல் அள்ளிய பள்ளங்களும் மேலிருந்து பார்த்தால் தெரியா. 2018 ஆகத்து மாதத்தில் மேட்டூரிலிருந்து வினாடிக்கு 2 இலட்சம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டபோது குமாரபாளையம், பள்ளிபாளையம் கரையோர வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. நீர்த்திறப்பு கூடும்போது குளிக்கவும் படகு இயக்கவும் தடை விதிக்கப்படும். அறிவிப்பு அன்றைய நாளிதழ்களில் வரும். புறப்படும் முன் அணையின் நீர்வரத்தையும் திறப்பையும் பார்த்துக்கொள்ள வேண்டும். பெற்றோர் அடுப்பைக் கவனிக்கும் நேரத்தில்தான் பிள்ளைகள் ஆழம் நோக்கி நகர்கின்றனர். ஆகவே சமையலுக்கு ஒருவர் என்றால் பிள்ளைகளைப் பார்க்கவும் ஒருவர் கரையில் இருக்க வேண்டும்.

போதிய நீர் இருந்தால் பாசனத்திற்காக அணை சூன் 12 அன்று திறக்கப்படும். குடகு மலையில் தென்மேற்குப் பருவமழை வலுத்தால் சூலை, ஆகத்து மாதங்களில் அணை நிரம்பும். நிறைந்த அணையைப் பார்க்க இம்மாதங்களும், அமைதியாக மீன் உண்ணவும் படகில் செல்லவும் மார்கழி, தை மாதங்களும் ஏற்றவை.