மின்னிசையும் மறைந்த நாடாக்களும்

தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி, கஞ்சக்கருவி என இசைக்கருவிகளை நான்காகப் பகுத்தனர் நம் முன்னோர். இந்நான்கினுள்ளும் அடங்காத ஐந்தாவது ஒன்று சென்ற நூற்றாண்டில் தோன்றியது. அதுவே மின்கருவி. கூலிம் வட்டாரத் தமிழர்க்கு இஃது அயற்பொருள் அன்று. தோட்டங்களில் பால்மரம் வெட்டிய குடும்பங்களின் பிள்ளைகள், 1996-இல் திறக்கப்பெற்ற கூலிம் ஹைடெக் பூங்கா போன்ற இடங்களில் இன்று பணிபுரிகின்றனர். அங்குச் செய்யப்படும் சிப்புகளுக்கு அடிப்படையாகிய டிரான்சிஸ்டரே மின்னிசைக் கருவியையும் இயக்கியது.

அக்கருவி இயங்கும் முறை எளிது. யாழில் நரம்பு அதிர்கிறது. சிந்தசைசரில் மின்னோட்டம் அதிர்கிறது. நொடிக்கு 440 முறை அதிர்ந்தால் ஒரு சுரம் பிறக்கும். அதிர்வு 880 ஆயின் அதே சுரம் மேல் தானத்தில் ஒலிக்கும். வேண்டாத அதிர்வுகளை வடித்து நீக்கினால் ஒலியின் தன்மை மாறும். அமெரிக்கரான இராபர்ட் மோக் இத்தகைய கருவியை 1964-இல் அறிமுகம் செய்தார்.

ஐந்தே ஆண்டுகளில் அது இந்தியாவுக்கு வந்தது. அகமதாபாத்தில், தொழில்துறைக்கு உதவும் பொருட்டு 1961-இல் நிறுவப்பெற்ற தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில், டேவிட் டியூடர் என்னும் அமெரிக்க இசையறிஞர் 1969-இல் மின்னிசைக்கூடம் ஒன்றை அமைத்தார். கீதா சாராபாய், அதுல் தேசாய், ஐ. எஸ். மாத்தூர், எஸ். சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அங்கே இசை படைத்தனர். இவருள் கீதா சாராபாய், 1946-இல் நியூயார்க்கில் ஜான் கேஜ் என்னும் புதுமை இசைஞருக்கு இந்திய இசையைக் கற்பித்தவர். ஜோஷிபுராவோ விண்வெளிப் பயணத்தைக் கற்பனை செய்து ஒலிக்கோலம் வரைந்தார்.

அம்முயற்சி 1972 அளவில் ஓய்ந்தது. நாடாக்கள் நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் உறங்கின. பால் பர்காஸ் என்னும் பிரிட்டிஷ் கலைஞர் 2017-இல் அவற்றைத் தேடிக் கண்டெடுத்தார். அவற்றின் தொகுப்பு 2023-இல்தான் வெளிவந்தது. ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவ்விசை கேட்பாரற்றுக் கிடந்தது.

இதனோடு இலண்டன் நிகழ்ச்சி ஒன்றை ஒப்பிட்டு நோக்குக. 'த்ராபிங் கிரிசில்' என்னும் நால்வர் குழு 1976-இல் 'இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ்' என்ற சொந்த வெளியீட்டகத்தைத் தொடங்கிற்று. ஆலை இரைச்சலை ஒத்த அவர்தம் இசைக்குத் 'தொழிற்சாலை இசை' என்னும் பெயர் அதனாலேயே வாய்த்தது. 1977-இல் வந்த அவர்களது முதல் இசைத்தட்டு 785 படிகளே அச்சாயிற்று. 1981-இல் குழு கலைந்தது. ஆயினும் அவ்வழி இசைப்போர் பல நாடுகளில் தோன்றினர். காரணம் யாது? பெரிய கம்பெனிகளை நம்பாமல், சிலர் கைக்கேனும் தம் இசை சென்று சேர வழி செய்தனர். அகமதாபாத்தில் கருவியும் இருந்தது, கற்பனையும் இருந்தது. கேட்போரிடம் கொண்டு சேர்க்கும் வழி இல்லை.

எனினும் நாடா எஞ்சியது பெரும்பேறு. யாழுக்கு அப்பேறும் வாய்க்கவில்லை. கருவி வழக்கொழிந்தபின், சிலப்பதிகாரம் முதலிய நூல்களின் சொற்களைக் கொண்டே அதனை ஆராய்ந்தறிய விபுலானந்த அடிகள் பல்லாண்டு உழைக்க நேர்ந்தது. அவர்தம் யாழ்நூல் அவர் மறைந்த 1947-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒலி போனபின் சொல்லைக்கொண்டு அதனை மீட்பது எத்துணை அரிது என்பதற்கு அதுவே சான்று.

தமிழாசிரியர் கருதத்தக்கது இது: தோட்டத்து மூதாட்டியர் பாடிய தாலாட்டும் ஒப்பாரியும் இன்று எத்தனை நாடாக்களில் உள்ளன? பழைய பேழைகளில் கிடக்கும் ஒலிநாடாக்கள் ஈரத்தாலும் பூஞ்சையாலும் அழிவன. பாடியவர் பெயர், தோட்டத்தின் பெயர், ஆண்டு ஆகியவற்றைக் குறித்து அவற்றைப் படியெடுத்து வைப்பது பள்ளிதோறும் செய்யக்கூடிய பணி. மாணவர் கையிலுள்ள தொலைபேசியே இன்று அதற்குப் போதும். படியெடுத்ததைக் காப்பகத்தில் உறங்க விடாது வகுப்பறையில் ஒலிக்கச் செய்தல் அதனினும் இன்றியமையாதது.