90 வயதுப் படகில் நான்கு நண்பர்கள்!

ஒரு வாரத்துக்கு ஒரு படகை வாடகைக்கு எடுக்கிறீர்கள். அதில் எஞ்சின் கிடையாது. டி.வி., ஃப்ரிட்ஜ், ஏ.சி. எதுவும் கிடையாது. உள்ளே நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால், அறையின் கூரையையே தூக்கி நிறுத்த வேண்டும். காற்று நின்றால் படகும் நின்றுவிடும். அப்புறம் நீங்களும் உங்கள் நண்பர்களும்தான் நீளமான கழியை ஊன்றித் தள்ளிக்கொண்டு போக வேண்டும்.

'இதற்குக் காசு வேறு கொடுக்க வேண்டுமா?' என்று கேட்கத் தோன்றுகிறதா? இங்கிலாந்தின் கிழக்கு ஓரத்தில் இருக்கும் நார்ஃபோக் பிராட்ஸ் பகுதிக்குப் போனால், இந்தப் படகுகளுக்காகவே நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்க்கலாம். இப்படி வருகிறவர்கள் இருப்பதால்தான் அந்தப் படகுகள் இன்னும் மிதக்கின்றன என்பதுதான் இந்தக் கதையின் முக்கியமான விஷயம்.

வெட்டிய பள்ளமே ஏரியானது!

நார்ஃபோக், சஃபோக் ஆகிய இரண்டு மாவட்டங்களிலும் பரவிக் கிடக்கிறது பிராட்ஸ். ப்யூர், ஆன்ட், தர்ன், யேர், வேவ்னி என்று ஆறுகள். அவற்றோடு வாய்க்கால்களால் இணைந்த ஆழமில்லாத ஏரிகள். படகு போகக்கூடிய வழி மட்டும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். வழியில் மதகுக் கதவுகளே இல்லை என்பதால், எங்கும் காத்துக் கிடக்காமல் போய்க்கொண்டே இருக்கலாம்.

இந்த ஏரிகள் இயற்கையாக உண்டானவை என்றுதான் ரொம்ப காலம் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1950-களில் ஜாய்ஸ் லாம்பர்ட் என்ற தாவரவியலாளர் ஏரிகளின் அடிமண்ணைத் துளைத்து எடுத்துப் பார்த்தார். கரைகள் சரிவாக இல்லாமல், மண்வெட்டியால் வெட்டியதுபோலச் செங்குத்தாக இறங்கின. விஷயம் வெளியே வந்தது. இடைக்காலத்தில் அடுப்பெரிக்க மக்கள் இங்கே கரிமண்ணை வெட்டி எடுத்திருக்கிறார்கள். பின்னாளில் நீர்மட்டம் உயர்ந்து, வெட்டிய குழிகளில் தண்ணீர் புகுந்து, அவையே ஏரிகளாகிவிட்டன!

ஆளுக்கொரு வேலை

எஞ்சின் படகில் ஒருவர் ஓட்டுவார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பாய்மரப் படகில் அந்தக் கதை நடக்காது.

ஒருவர் சுக்கானைப் பிடிக்க வேண்டும். ஒருவர் பெரிய பாயின் கயிற்றை இழுத்தும் விட்டும் காற்றுக்கு ஏற்றபடி சரிசெய்ய வேண்டும். இன்னொருவருக்கு முன்பாய். நான்காமவர் வரைபடத்தைப் பார்க்க வேண்டும். எதிரே வரும் படகைக் கவனிக்க வேண்டும். நடுவில் எல்லோருக்கும் டீயும் போட வேண்டும்.

காற்று எதிரே வீசினால்தான் வேடிக்கை. பாய்மரப் படகு எதிர்காற்றில் நேராகப் போகாது. இந்தக் கரையை நோக்கிச் சாய்வாகப் போய், முட்டுவதற்கு முன் திரும்பி, அந்தக் கரையை நோக்கிச் சாய்வாகப் போய், மறுபடி திரும்ப வேண்டும். கடலில் இப்படித் திரும்ப வேண்டிய இடம் எப்போதோ வரும். இங்கே ஆறு குறுகல் என்பதால் மூச்சு விடுவதற்குள் அடுத்த கரை வந்துவிடும். சுக்கான் பிடிப்பவர் 'ரெடி அபவுட்' என்று எச்சரிப்பார். பிறகு 'லீ ஓ' என்று குரல் கொடுத்துப் படகைத் திருப்புவார். அந்தக் கணத்தில் பாயின் அடிக்கட்டை தலைக்கு மேலே விசிறியடித்துப் பக்கம் மாறும். எல்லோரும் குனிய வேண்டும். முன்பாயின் ஒரு கயிற்றை விட்டு மறு கயிற்றை இழுக்க வேண்டும். ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் படகு நாணலுக்குள் போய்ச் செருகிக்கொள்ளும்.

யார் பொறுமைசாலி, யார் அவசரக்காரர், யார் சொன்னதைக் கேட்பார், யார் கேட்டதுபோல் தலையாட்டுவார் என்பதெல்லாம் முதல் நாள் சாயங்காலத்துக்குள் தெரிந்துவிடும். இருபது வருஷம் பழகிய நண்பர்களாக இருந்தாலும்தான்!

பாலத்தடியில் ஒரு பரீட்சை

தர்ன் ஆற்றில் பாட்டர் ஹைகம் என்ற ஊரில் இடைக்காலத்துக் கல்பாலம் ஒன்று இருக்கிறது. தண்ணீர் ஏறியிருக்கும்போது பெரிய மோட்டார் படகுகள் அதன் வளைவுக்கடியில் நுழையவே முடியாது. பாய்மரப் படகோ, பாய்மரத்தைப் படுக்க வைத்துவிட்டு நுழைந்துவிடும்.

முதலில் படகைக் கரையில் கட்ட வேண்டும். பாயை இறக்கிச் சுருட்டி, பாய்மரத்தைப் பிடித்திருக்கும் முன்கயிற்றைத் தளர்த்தினால் மரம் மெல்லப் பின்பக்கமாகச் சாயும். மரத்தின் அடியில் ஈயக் கனம் வைத்திருப்பதால், ஏற்றம் இறைப்பதுபோல இரண்டு பேரே இந்த வேலையை முடித்துவிடலாம். பிறகு 'குவான்ட்' எனப்படும் நீளக் கழியைச் சேற்றில் ஊன்றித் தள்ளிப் பாலத்தைக் கடக்க வேண்டும். அந்தப் பக்கம் போய் மறுபடி மரத்தை நிமிர்த்திப் பாயை ஏற்றினால், ஹிக்ளிங் என்ற பெரிய ஏரி விரிந்து கிடக்கும். பாய் விரித்து ஓட இதைவிட நல்ல இடம் இந்த வட்டாரத்தில் கிடையாது.

கறுப்புப் பாய் கட்டிய சரக்குப் படகு

மரத்தைச் சாய்க்கும் இந்த வித்தை, 'வெர்ரி' என்ற சரக்குப் படகுகளிடமிருந்து வந்தது. லாரிக்கும் ரயிலுக்கும் முன்னால் இந்த வட்டாரத்தின் நிலக்கரி, தானியம், செங்கல், மரம் எல்லாம் வெர்ரிகளில்தான் போயின. ஒரே ஒரு பெரிய பாய். தாரும் எண்ணெயும் பூசிப் பூசி அது கறுத்துப்போயிருக்கும். 58 அடி நீளப் படகில் 40 டன் சரக்கு. ஓட்டுவதற்கு இரண்டே பேர்!

ரயில் வந்ததும் சரக்கு குறைந்தது. சில வெர்ரிக்காரர்கள் கோடையில் சரக்கு அறையைக் கழுவித் துடைத்துப் படுக்கை போட்டு, விடுமுறைக்கு வருகிறவர்களை ஏற்றினார்கள். குளிர்காலம் வந்தால் மறுபடி சரக்கு. பிராட்ஸில் படகுச் சுற்றுலா இப்படித்தான் வேர்விட்டது. பிறகு உல்லாசப் பயணத்துக்கென்றே வெர்ரிகள் கட்டப்பட்டன.

அதில் ஒன்று 1905-ல் கட்டப்பட்ட 'ஹாத்தோர்'. கடுகுக்குப் பேர்போன கோல்மன் குடும்பத்துச் சகோதரிகள் எத்தலும் ஹெலனும் கட்டச் சொன்ன படகு. அவர்களுடைய தம்பி ஆலன் உடம்பு தேறுவதற்காக எகிப்துக்குப் போய், 1897-ல் அங்கேயே இறந்துபோனார். நைல் நதியில் அந்தக் குடும்பம் பயணம் செய்த படகின் பெயர் ஹாத்தோர். அந்தப் பெயரையே சகோதரிகள் இதற்கும் வைத்தார்கள். உள்ளே மரவேலை முழுக்க எகிப்தியச் சித்திரங்கள். அக்கா எத்தல், 1923-ல் நாரிச் நகரின் லார்டு மேயரானார். பிரிட்டனில் அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண் அவர்தான்.

அப்பாவும் இரண்டு மகன்களும்

நண்பர்கள் தாங்களே ஓட்டிப் போகும் சின்னப் படகுகளுக்கு லட்ஹம் கிராமத்தில் இருக்கும் ஹன்டர்ஸ் யார்டுதான் முகவரி. பெர்சி ஹன்டர் என்பவர் தன் இரண்டு மகன்களோடு 1930-களின் தொடக்கத்தில் ஆரம்பித்த படகுப் பட்டறை இது. மகாகனி மரத்தில் வார்னிஷ் மின்னும் உடல். இரண்டு பேர், மூன்று பேர், நான்கு பேர் படுக்கும் அறைகள். வெளிச்சத்துக்கு எண்ணெய் விளக்கு. அப்போது கட்டிய படகுகள் இன்றும் ஓடுகின்றன.

சிறுவர்களின் படகுப் பயணங்களை எழுதிப் புகழ்பெற்ற ஆர்தர் ரான்ஸம், 1934-ல் வெளியான 'கூட் கிளப்' நாவலின் கதையை இந்த நீர்வழிகளில்தான் நடத்தினார். அது 1984-ல் பி.பி.சி. தொடராக வந்தபோது, கதையில் வரும் 'டீசல்' என்ற படகாக நடித்தது ஹன்டர்ஸ் யார்டின் 'லல்லபை'.

ஓட்டினால்தான் பிழைக்கும்

மரப்படகுக்கு ஒரு குணம் உண்டு. சும்மா விட்டால் செத்துப்போகும். வெயிலில் கிடந்தால் பலகை சுருங்கி இடைவெளி விடும். மழைத்தண்ணீர் தேங்கினால் உளுத்துவிடும். வருஷா வருஷம் சுரண்டி, அடைத்து, வார்னிஷ் பூச வேண்டும். ஓட ஆள் இல்லாத படகுக்கு யார் செலவழிப்பார்கள்?

நூற்றுக்கணக்கில் இருந்த வெர்ரிகளில் இன்று மிச்சம் 8. சரக்கு வெர்ரிகளில் இரண்டே இரண்டு: 1898-ல் கட்டிய 'ஆல்பியன்', 1899-ல் கட்டிய 'மாட்'. ஆல்பியனைக் காப்பாற்றுவதற்காகவே 1949-ல் ஆர்வலர்கள் கூடி ஓர் அறக்கட்டளை தொடங்கினார்கள். மாட் கதை இன்னும் உருக்கம். ரான்வொர்த் ஏரிக்கரை அரிக்காமல் இருக்க, தடுப்பாக அதைத் தண்ணீரில் மூழ்கடித்துவிட்டார்கள். 1981-ல் ஒரு தம்பதி அதை வெளியே எடுத்து, பலகை பலகையாகச் சீர்செய்தார்கள். 1999-ல்தான் அது மறுபடி பாய் விரித்தது. 18 வருஷ உழைப்பு!

ஹன்டர்ஸ் யார்டுக்கும் சோதனை வந்தது. 1968-ல் அதை வாங்கி நடத்திய நார்ஃபோக் மாவட்ட நிர்வாகம், 1990-களில் விற்றுவிட முடிவெடுத்தது. படகுகள் ஆளுக்கொரு பக்கம் சிதறிவிடும் என்று பயந்த மக்கள் பணம் திரட்டினார்கள். 1996-லிருந்து அறக்கட்டளை ஒன்று நடத்துகிறது. நண்பர்கள் கொடுக்கும் வாடகைதான் அடுத்த குளிர்காலத்து வார்னிஷுக்குக் காசு.

பணம் மட்டுமல்ல, காற்றும் குறைந்துவருகிறது. வெர்ரிகள் ஓடிய காலத்தில் கரையோரப் புல்லையும் நாணலையும் அறுத்துக்கொண்டே இருந்தார்கள். அறுப்பு நின்றதும் பல இடங்களில் மரங்கள் வளர்ந்து காற்றை மறைத்துவிட்டன. அந்த இடம் வந்தால் கழிதான் கதி.

இருட்டிய பிறகு...

வாடகைப் படகை இருட்டிய பிறகு ஓட்டக் கூடாது. கரையில் கட்டிவிட்டு, பெஞ்சுகளைப் படுக்கையாக்கி, பாய்க்கட்டை மேல் கூடாரத்துணியைப் போர்த்தினால் வீடு தயார். வசந்த காலம் என்றால், நாணலுக்குள்ளிருந்து பிட்டர்ன் என்ற கொக்கு இனப் பறவை, காலி பாட்டிலின் வாயில் ஊதியதுபோல ஒலி எழுப்பும். தொலைவில் பாடும் பூச்சி எது, தவளை எது என்று யாராவது ஆரம்பிப்பார்கள். பேச்சு எங்கெங்கோ போகும். கையில் வேறு எதுவும் இல்லாததால், எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்தே பேச வேண்டியிருக்கும்.

போக நினைப்பவர்களுக்கு...

லண்டன் லிவர்பூல் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து நாரிச்சுக்கு ரயிலில் சுமார் 2 மணி நேரம். அங்கிருந்து வேறு ரயில் பிடித்தால் கால் மணி நேரத்தில் ராக்ஸ்ஹம். சீசன் பொதுவாக ஏப்ரல் முதல் அக்டோபர் வரை.

படகு ஓட்டத் தெரியாதா? ஓட்டுநரோடு சில மணி நேரம் போய்வரும் வசதி உண்டு. கற்றுக்கொள்ளப் பயிற்சி வகுப்புகளும் உண்டு. வெர்ரியில் போக ஆசையென்றால், அவற்றைப் பராமரிக்கும் அறக்கட்டளைகளிடம் நண்பர்களாகச் சேர்ந்து முழுப் படகையும் பேசிக்கொள்ளலாம்.

புதியவர்கள் வடக்கு ஆறுகளான ப்யூர், ஆன்ட், தர்ன் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கிரேட் யார்மவுத் பக்கம் கடலின் ஏற்றவற்றம் படகை இழுத்துக்கொண்டு போகும்.

பெட்டி வேண்டாம், மடித்து வைக்கக்கூடிய துணிப்பையே போதும். கோடையிலும் ஸ்வெட்டர், மழைக்கோட்டு அவசியம். குழந்தைகளோ பெரியவர்களோ, லைஃப் ஜாக்கெட் இல்லாமல் மேல்தளத்துக்கு வரக் கூடாது.

கடைசியாக ஒன்று. கிளம்பும்போதே 'இன்றைக்கு இந்த ஊருக்குப் போய்ச் சேர வேண்டும்' என்று கணக்குப் போடாதீர்கள். அதைக் காற்று பார்த்துக்கொள்ளும்!