போர்க்கால ஜீப்பு வண்டிகளின் பிறப்பறியும் முறை

இரண்டாம் உலகப் போரின்பொருட்டு அமெரிக்க நாட்டில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்பு வண்டிகள் செய்யப்பெற்றன. பர்மாப் போர்முனைக்கென அவற்றுட் பல இந்தியாவுக்கு வந்தன. 1945-ஆம் ஆண்டிற் போர் ஓய்ந்தபின், மிகுந்தவை ஏலத்தின் வழியே பொதுமக்கள் கைக்கு வந்து, மலைத்தோட்டப் பாதைகளில் நெடுங்காலம் உழைத்தன. இன்று எஞ்சியவற்றைப் பொன்போற் பேணுவார் உளர். பிற்கால வண்டியையே போர் கண்ட வண்டியெனக் கூறி விற்பாரும் உளர். ஆதலின், இவற்றின் பிறப்பை ஆராயும் முறையை ஈண்டுச் சுருங்கக் கூறுவோம்.

முதலாவது, காலம். போர்க்கால வண்டியின் முகப்புத் தகட்டில் 9 பிளவுகள் உண்டு. போருக்குப்பின் குடிமக்களுக்கெனச் செய்த வண்டியில் 7 பிளவுகளே உண்டு. முன்னதற்குப் பின்புறக் கதவு இல்லை. மாற்றுச் சக்கரம் பின்புறத்தே தொங்கும். பின்னதற்குப் பின்கதவு உண்டு; சக்கரம் பக்கத்தே அமையும். தொடக்கத்தில் வில்லிஸ் கம்பெனியார் செய்த ஏறத்தாழ 25,000 வண்டிகள் மட்டும் தகடின்றி, இரும்புப் பட்டைகளைப் பற்றவைத்த முகப்பை உடையன.

இரண்டாவது, செய்தவர். வில்லிஸ் கம்பெனியார் ஏறத்தாழ 3,60,000 வண்டிகளையும், போர்டு கம்பெனியார் ஏறத்தாழ 2,80,000 வண்டிகளையும் ஒரே அமைப்பிற் செய்தனர். எனினும், அடிச்சட்டத்தின் முன்குறுக்குக் கட்டை வில்லிஸ் வண்டியில் உருண்ட குழாயாகவும், போர்டு வண்டியில் மடித்த தகடாகவும் இருக்கும். போர்டு கம்பெனியார் திருகாணித் தலையிலும் 'எப்' என்னும் ஆங்கில எழுத்தைப் பொறித்தனர்.

மூன்றாவது, எண். போர்டு வண்டியில் அஃது இடப்பக்கச் சட்டத்தின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். வில்லிஸ் வண்டியிற் சட்டத்தின் உட்புறத்தே அறைந்த சிறு தகட்டில் இருக்கும். தகட்டைப் புதிதாக வார்த்து அறைதல் எளிது. தீப்பெட்டியின் மேற்சீட்டை மாற்றி ஒட்டினால் உள்ளிருக்கும் குச்சி மாறிவிடாது என்பதை எம் விருதுநகர்ச் சீமையார் நன்கறிவர்.

இங்ஙனம் ஆராயுங்கால் ஒன்று நினைவில் நிற்றல் வேண்டும். இருவர் செய்த உறுப்புக்களும் ஒன்றற்கொன்று பொருந்துவன. படைப் பட்டறைகளிலேயே ஒன்றன் எஞ்சினை மற்றொன்றில் மாட்டினர். ஏட்டுச் சுவடியில் இடைச்செருகல் புகுந்தமைபோல வண்டியிலும் பிற உறுப்புக்கள் புகுந்துள்ளன. சுவடி பதிப்பிப்போன் ஓரேட்டை மட்டும் நம்பாது பல ஏடுகளை ஒப்பு நோக்குமாறுபோல, சட்டம், எஞ்சின், உடற்கூடு, பழைய வர்ணத்தின் கீழ் மறைந்த எண் ஆகிய அனைத்தையும் ஒப்பிட்டே முடிவு கூறல் வேண்டும். அவ்வழியும் வண்டி எங்கே பிறந்தது என்பதே துணியப்படும்; எப்போர்க்களம் கண்டது என்பதற்குப் படைப் பதிவேடே சான்று.

அப்போரில் 25 லட்சம் இந்தியர் படையிற் சேர்ந்திருந்தனர். 1944-ஆம் ஆண்டிற் கோகிமாவில் மாண்டார் பலர். காணாத களத்தைக் கண்டதென்று ஒரு வண்டிக்கு ஏற்றிக் கூறுதல், விலைகொடுத்து வாங்குவோனை மட்டும் வஞ்சிப்பதன்று. அங்கே மாண்டவர்க்கு எதிராகச் சொல்லும் பொய்ச்சாட்சியுமாம். ஐயுற்றவிடத்து ஐயமென்றே எழுதி வைத்தல் அறம்.